கல்விக் கடன்: தவணை மாணவருக்கு, பொறுப்பு யாருக்கு?

புது தில்லி: நாடாளுமன்றத்தின் எந்தக் கூட்டத்தொடரை எடுத்துக்கொண்டாலும் கல்விக் கடன் பற்றிய கேள்வி இடம்பெறாமல் போவது அரிது. கேட்பவர்களில் தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த உறுப்பினர்கள் எப்போதும் முன்வரிசையில் இருப்பர். ஆட்சிகள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. விண்ணப்பித்த மாணவர்களை வங்கிகள் திருப்பி அனுப்புவது ஏன்? வாராக் கடன் எவ்வளவு? கடனைத் தள்ளுபடி செய்யும் எண்ணம் அரசுக்கு உண்டா?

பதில்களும் ஏறத்தாழ மனப்பாடமாகிவிட்டவைதாம். முதல் கேள்விக்கு, தகுதியுள்ள மாணவர் எவருக்கும் கடன் மறுக்கக் கூடாது என்று வங்கிகளுக்கு அறிவுறுத்தப்பட்டிருப்பதாகப் பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு மாநிலவாரிப் பட்டியல் ஒன்று இணைக்கப்படும். மூன்றாவது கேள்விக்கு, அத்தகைய யோசனை ஏதும் இல்லை என்ற ஒரே வரி. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் மக்களவையில் நிதியமைச்சகம் அளித்த பதிலும் இதுவே. அந்த ஆண்டு செப்டம்பர் நிலவரப்படி கல்விக் கடன் நிலுவை சுமார் 75,450 கோடி ரூபாய் என்று தெரிவித்த அரசு, தள்ளுபடி பற்றிய யோசனை இல்லை என்றது.

ரிசர்வ் வங்கியின் துறைவாரிக் கணக்குப்படி 2024 மார்ச் இறுதியில் இந்த நிலுவை ஏறத்தாழ 1.2 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. வெளிநாட்டுப் படிப்புக்காகப் பெறப்படும் பெருந்தொகைக் கடன்கள் இதில் கணிசமான பங்கு வகிக்கின்றன. ஆனால் நாடாளுமன்றத்தில் குரல் எழுவது அவற்றுக்காக அல்ல. நான்கு லட்சம், ஐந்து லட்சம் ரூபாய் கடன் வாங்கி உள்ளூர்ப் பொறியியல் கல்லூரியிலோ செவிலியர் கல்லூரியிலோ படித்துவிட்டு, தவணை கட்ட இயலாமல் நிற்கும் குடும்பங்களுக்காகத்தான்.

மூன்று மேசைகள்

இந்தக் கேள்வி-பதில் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருப்பதற்கு நிர்வாக அமைப்பிலேயே ஒரு காரணம் உண்டு. கடன் வழங்கும் வங்கிகள் நிதியமைச்சகத்தின் நிதிச் சேவைகள் துறையின் கீழ் வருகின்றன. வட்டி மானியத்தை வழங்குவது கல்வி அமைச்சகம். அந்தக் கடனின் அளவைத் தீர்மானிக்கும் கல்லூரிக் கட்டணமோ பெரும்பாலும் மாநில அரசுகள் அமைக்கும் கட்டண நிர்ணயக் குழுக்களின் கையில் இருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைப் பொறுத்தவரை அதுவும் தெளிவில்லை.

ஆக, கடனைப் பற்றிக் கேட்டால் நிதியமைச்சகம் பதில் சொல்லும். கட்டணத்தைப் பற்றிக் கேட்டால் அது மாநில அரசின் விவகாரம் எனப்படும். படித்த மாணவருக்கு வேலை கிடைத்ததா என்று கேட்டால் அது மூன்றாவது மேசைக்குப் போகும். மாணவரின் வாழ்க்கையில் இவை மூன்றும் ஒரே கணக்கு. அரசின் ஏடுகளில் மட்டும் மூன்று கணக்குகள். 1976-இல் 42-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் கல்வி பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டபோது, மத்திய அரசும் மாநில அரசும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கப்பட்டது. கட்டண விஷயத்தில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே அது வழிவகுத்திருக்கிறது.

கடன் எப்படி வந்தது?

கல்லூரிப் படிப்புக்குக் கடன் வாங்குவது இந்த நாட்டில் எப்போதும் இருந்த பழக்கம் அல்ல. எண்பதுகள் வரை உயர்கல்வியின் பெரும்பகுதி அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் நடந்தது. கட்டணம் பெயரளவுக்கே இருந்தது. கஷ்டம் இடம் கிடைப்பதில்தான்.

1991-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பின் இந்த நிலை மாறியது. 1993-இல் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த நீதிபதி புன்னையா குழு, பல்கலைக்கழகங்கள் தங்கள் செலவில் ஒரு பகுதியை மாணவர்களிடமிருந்து திரட்ட வேண்டும் என்றது. 2000-ஆம் ஆண்டில் பிரதமரின் வர்த்தக, தொழில் ஆலோசனைக் குழுவுக்காக முகேஷ் அம்பானியும் குமார் மங்கலம் பிர்லாவும் அளித்த அறிக்கை இன்னும் ஒரு படி முன்னே சென்றது. உயர்கல்வியின் பயனைப் பெறுபவரே அதற்கான விலையைத் தர வேண்டும். இயலாதவர்களுக்குக் கடனும் உதவித்தொகையும் போதும் என்பது அதன் சாரம். அந்த அறிக்கை அப்போது கடுமையாக விமர்சிக்கப்பட்டது. முறைப்படி அது ஏற்கப்பட்டதோ இல்லையோ, அதற்குப் பின் நடந்தவை அந்தத் திசையில்தான் நடந்தன.

நீதிமன்றத் தீர்ப்புகளும் இதில் பங்கு வகித்தன. 1993-இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம், தனியார் தொழிற்கல்லூரிகளில் பாதி இடங்கள் குறைந்த கட்டணத்தில் தகுதி அடிப்படையிலும், எஞ்சிய இடங்கள் அதிகக் கட்டணத்திலும் நிரப்பப்படும் முறையை வகுத்தது. 2002-இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த முறையை ரத்து செய்தது. கல்வி நிறுவனங்கள் தங்கள் கட்டணத்தைத் தாங்களே வகுத்துக்கொள்ளலாம். ஆனால் கொள்ளை லாபமும் நன்கொடையும் கூடாது என்றது. கட்டணக் குழுக்கள் 2003-இல் இஸ்லாமிக் அகாதெமி வழக்கின் தீர்ப்பால் பிறந்தவை. நன்கொடையைத் தடுக்கும் விதி ஏட்டில் இருக்கிறது. அது நடைமுறையில் எப்படி இருக்கிறது என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பின்னணியில்தான் 2001-இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நான்கு லட்சம் ரூபாய் வரை அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ தேவையில்லை. படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் அல்லது வேலை கிடைத்த பின் ஆறு மாதமும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பன அதன் முக்கிய அம்சங்கள். சொத்து எதுவும் இல்லாத குடும்பத்தின் பிள்ளைக்கு வங்கியின் கதவு திறந்தது அப்போதுதான். இதை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ப. சிதம்பரம் நிதியமைச்சராக இருந்த காலத்தில் இத்திட்டம் பெரிதும் விரிவடைந்தது. சிவகங்கையில் அவர் முன்னின்று நடத்திய கடன் வழங்கும் விழாக்கள் அந்நாளைய அரசியலின் ஓர் அடையாளம்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

கதவு திறந்த அதே காலத்தில் தனியார் கல்லூரிகளும் பெருகின. தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகளின் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் 550-ஐத் தாண்டியது. கட்டணம் கட்ட இயலாத குடும்பத்துக்கு வங்கி கைகொடுத்ததால் இடங்கள் நிரம்பின. கல்லூரி தன் கட்டணத்தை முன்கூட்டியே முழுதாகப் பெற்றுக்கொண்டது. படிப்பின் தரம் எப்படி இருந்தாலும், மாணவர் தேர்ச்சி பெற்றாலும் பெறாவிட்டாலும் கல்லூரிக்கு நட்டம் இல்லை.

நட்டம் எங்கே போய் நிற்கிறது என்பதை ஓர் எளிய கணக்கு காட்டும். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு நான்கு லட்சம் ரூபாய் கடன் வாங்கும் ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் வரும் ஓராண்டுக்கும் தனி வட்டி மட்டும் 1.40 லட்சம் ரூபாய். முதல் தவணை கட்டத் தொடங்கும் நாளில் கடன் 5.40 லட்சம் ரூபாயாக நிற்கும். பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 7,100 ரூபாய். ஐந்தாண்டுகளில் அடைப்பதானால் சுமார் 11,500 ரூபாய்.

மாதம் 40,000 ரூபாய் ஊதியத்தில் வேலைக்குச் சேரும் மாணவருக்கு இது சுமக்கக்கூடிய பாரம். மாதம் 15,000 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்து, வேற்றூரில் வாடகை அறையில் தங்கியிருப்பவருக்கு இது ஊதியத்தில் பாதி. வேலையே கிடைக்காதவருக்கோ, கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்ட தந்தையின் வீட்டு வாசலுக்கு வங்கியின் நோட்டீஸ் வரும். தவணை தவறியது இருவரின் கடன் வரலாற்றிலும் பதிவாகும். பிறகு தம்பிக்கோ தங்கைக்கோ கடன் கேட்டுப் போனால் அந்தப் பதிவே குறுக்கே நிற்கும்.

2008-இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இந்தக் கணக்கின் பலவீனத்தை வெளிப்படுத்தியது. வேலைச் சந்தை சுருங்கியபோது, 2000-களின் பிற்பகுதியில் கடன் வாங்கிப் படித்து முடித்த தலைமுறை நடுத்தெருவில் நின்றது. தவணை தவறிய மாணவர்களின் படங்களைப் பதாகையாக வைத்த வங்கிக் கிளை தமிழகத்தில் உண்டு. 2016-இல் பொதுத்துறை வங்கி ஒன்று, வாராக் கல்விக் கடன்களைத் தனியார் சொத்து மறுசீரமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த ஆண்டில் மதுரையில் கடன் நெருக்கடிக்கு ஆளான பொறியியல் பட்டதாரி ஒருவர் தற்கொலை செய்துகொண்டது தமிழகத்தை உலுக்கியது. கல்விக் கடனை வசூலிக்கும் முறை குறித்த கோபம் அரசியல் கோரிக்கையாக மாறியது அந்தக் காலகட்டத்தில்தான்.

வாராக் கடன் சொல்லும் செய்தி

2020 டிசம்பர் இறுதி நிலவரம் குறித்து 2021 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அளிக்கப்பட்ட பதில் இந்த விவகாரத்தில் முக்கியமான ஆவணம். அதன்படி பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடனில் 9.55 சதவீதம் வாராக் கடன்; கணக்குகள் 3.66 லட்சம், தொகை சுமார் 8,587 கோடி ரூபாய். அதே காலத்தில் வீட்டுக் கடனில் வாராக் கடன் இரண்டு சதவீதத்தை எட்டவில்லை.

இன்னும் நுணுகிப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். வாராக் கடனில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு தென் மாநிலங்களைச் சேர்ந்தது. தொகையில் முதலிடம் தமிழகத்துக்கு. படிப்புவாரியாகப் பார்த்தால் பொறியியல் மட்டும் 4,000 கோடி ரூபாயைத் தாண்டியது. செவிலியர் படிப்பிலும் தவறிய கணக்குகளின் விகிதம் சராசரியைவிட அதிகம்.

தென் மாநிலத்தவர் கடனைத் திருப்பித் தர விரும்பாதவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. நாட்டிலேயே அதிகமாகக் கல்விக் கடன் வழங்கப்பட்டது இங்கேதான். ஏழைக் குடும்பங்களிலிருந்து முதல் முறையாகக் கல்லூரிக்குப் போனவர்களின் எண்ணிக்கையும் இங்கேதான் அதிகம். 2021-22-ஆம் ஆண்டுக்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கல்லூரி வயதினரில் 47 சதவீதம் பேர் உயர்கல்வியில் சேர்ந்திருக்கிறார்கள். நாட்டின் சராசரி 28.4 சதவீதம். இந்தச் சாதனையின் ஒரு பகுதிச் செலவை மாணவர்கள் தங்கள் பெயரில் கடனாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதே உண்மை.

அண்மை ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடனில் வாராக் கடன் விகிதம் வெகுவாகக் குறைந்து, 2024-25-இல் சுமார் 2 சதவீதத்துக்கு வந்திருப்பதாக அரசு தெரிவித்துள்ளது. இது நல்ல செய்தி. ஆனால் இந்தக் குறைவை முழுவதும் மாணவர்களின் நிலை மேம்பட்டதன் அடையாளமாக எடுத்துக்கொள்ள இயலாது. பழைய வாராக் கடன்கள் ஏட்டிலிருந்து நீக்கப்படும்போதும், வெளிநாட்டுப் படிப்புக்கான பெரிய கடன்களால் மொத்தத் தொகை உயரும்போதும் விகிதம் தானாகவே குறையும். 2015-க்கும் 2019-க்கும் இடையில் புதிதாகக் கடன் பெற்ற மாணவர்களின் எண்ணிக்கை குறைந்து, ஒருவருக்கு வழங்கப்படும் சராசரித் தொகை உயர்ந்ததும் கவனிக்கத்தக்கது. சிறு கடன் கேட்டு வருபவரை வாசலிலேயே தவிர்த்துவிட்டால் வாராக் கடன் குறையத்தான் செய்யும்.

மனுதாரரின் பெற்றோர் கடன் வரலாற்றைக் காட்டிக் கல்விக் கடன் மறுக்கப்படுவது தொடர்பாக நீதிமன்றங்களில் வழக்குகள் தொடர்வது இதற்குச் சான்று. கடன் மதிப்பெண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காகக் கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் கூறியது.

நிவாரணங்களும் வரம்புகளும்

மத்திய அரசு சும்மா இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆண்டு வருமானம் 4.50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களின் மாணவர்களுக்கு, படிப்புக் காலத்திலும் தொடர்ந்து வரும் சலுகைக் காலத்திலும் முழு வட்டியை அரசே ஏற்கும் திட்டம் 2009-10-ஆம் கல்வியாண்டில் தொடங்கியது. மேலே சொன்ன நான்கு லட்சம் ரூபாய் கடனில் இந்த மானியம் கிடைத்தால், பத்தாண்டுத் தவணை 7,100 ரூபாயிலிருந்து சுமார் 5,300 ரூபாயாகக் குறையும். அந்தத் திட்டம் வருவதற்கு முன் கடன் வாங்கியவர்களுக்காக 2014 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில் சிதம்பரம் ஓர் அறிவிப்பு செய்தார். 2009 மார்ச் 31 வரை பெறப்பட்ட கடன்களில் 2013 டிசம்பர் இறுதி வரை நிலுவையில் இருந்த வட்டியை அரசு ஏற்கும். சுமார் 9 லட்சம் பேர் பயன்பெறுவர். செலவு ஏறத்தாழ 2,600 கோடி ரூபாய் என்றார்.

2015-இல் விண்ணப்பங்களுக்காக வித்யாலட்சுமி இணையதளம் தொடங்கப்பட்டது. 7.50 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகளுக்கு 75 சதவீதம் உத்தரவாதம் தரும் நிதியமும் அமைந்தது. 2018-இல் வட்டி மானியத் திட்டம் திருத்தப்பட்டு, தேசிய அளவில் தர அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களின் தொழிற்படிப்புகளுக்கு மட்டும் என்று வரையறுக்கப்பட்டது. தரமற்ற கல்லூரிக்கு அரசுப் பணம் போகக் கூடாது என்ற நோக்கம் நியாயமானதே. ஆனால் அங்கீகாரம் பெறாத கல்லூரி தொடர்ந்து நடக்க அனுமதி உண்டு. அதில் சேர்ந்த ஏழை மாணவருக்கு மானியம் இல்லை. தண்டனை கல்லூரிக்குப் பதிலாக மாணவருக்குப் போய்ச் சேர்ந்தது.

இதன் தொடர்ச்சியே 2024 நவம்பர் 6-ஆம் தேதி மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிரதமரின் வித்யாலட்சுமி திட்டம். தேசியத் தரவரிசையில் இடம்பெற்ற 860 நிறுவனங்களில் சேரும் மாணவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இன்றிக் கடன் வழங்கப்படும். ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய் வரையுள்ள குடும்பங்களுக்கு, 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனில் சலுகைக் காலத்துக்கு 3 சதவீத வட்டி மானியம். ஆண்டுக்கு ஒரு லட்சம் மாணவர்களுக்கு இது கிடைக்கும். 2030-31 வரை ஒதுக்கீடு 3,600 கோடி ரூபாய்.

இது வரவேற்கத்தக்க திட்டம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இதன் வரம்பையும் பார்க்க வேண்டும். திட்டத்தின் தொடக்கப் பட்டியலில் உள்ள நிறுவனங்களில் படிப்போர் சுமார் 22 லட்சம் பேர் என்று அரசே கூறியது. நாட்டில் உயர்கல்வி பயில்வோர் 4.33 கோடி பேர். அதாவது இருபது பேரில் ஒருவர். கல்லூரிகளின் எண்ணிக்கை 45,000-ஐத் தாண்டும். அவற்றில் நான்கில் மூன்றுக்கு மேல் தனியார் நிர்வாகத்தில் இருப்பவை. பட்டியலில் உள்ள நிறுவனங்களின் மாணவர்களுக்கு வேலைவாய்ப்பு எளிது. வங்கிகளும் அவர்களுக்கு ஏற்கெனவே தயக்கமின்றிக் கடன் தந்துவந்தன. எஞ்சிய பத்தொன்பது பேருக்குப் பழைய விதிகளே.

உயர்தர அரசு நிறுவனங்களிலும் கட்டணச் சுமை மெல்ல மாணவர் பக்கம் நகர்வதையும் மறந்துவிடக் கூடாது. 2016-இல் ஐ.ஐ.டி.களில் இளநிலைப் படிப்பின் ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், மிகக் குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு முழு விலக்கு உண்டு. அதே ஆண்டில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற உயர்கல்வி நிதி முகமை மூலம், கட்டடங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் மானியத்துக்குப் பதிலாகக் கல்வி நிறுவனங்களே கடன் வாங்கும் முறை வந்தது. நிறுவனம் வாங்கும் கடனின் அசலை அதன் சொந்த வருவாயிலிருந்து அடைக்க வேண்டும் என்றால், அந்த வருவாயில் கட்டணமும் அடங்கும்.

தள்ளுபடி வாதம்

இந்நிலையில் அரசியல் கட்சிகளின் கையில் எஞ்சியிருப்பது தள்ளுபடி என்ற ஒற்றைச் சொல். 2021 சட்டப்பேரவைத் தேர்தல் அறிக்கையில் முப்பது வயதுக்கு உட்பட்ட, கடனை அடைக்க இயலாத மாணவர்களின் கல்விக் கடனைத் தள்ளுபடி செய்வதாகத் திமுக கூறியது. கடனை வழங்கியவை பெரும்பாலும் மத்திய அரசின் வங்கிகள். மாநில அரசு தன் கருவூலத்திலிருந்து அவற்றுக்குப் பணம் செலுத்தினால்தான் அந்த வாக்குறுதி நிறைவேறும். அது நிறைவேறவில்லை என்று எதிர்க்கட்சிகள் தொடர்ந்து குற்றஞ்சாட்டின. 2024 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் கட்சி, அவ்வாண்டு மார்ச் 15 நிலவரப்படி செலுத்தப்படாத வட்டியுடன் நிலுவையில் உள்ள கல்விக் கடன் முழுவதையும் ஒருமுறை நிவாரணமாகத் தள்ளுபடி செய்து, வங்கிகளுக்கு அரசு ஈடுசெய்யும் என்று தேர்தல் அறிக்கையில் அறிவித்தது.

தள்ளுபடியை ஆதரிப்போர் அவையில் எடுத்து வைக்கும் வாதம் வலுவானது. 2014-15 முதல் ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கின. அதில் பாதிக்கு மேல் பெருந்தொழில், சேவை நிறுவனங்களுடையது என்று 2023-இல் அரசே மக்களவையில் தெரிவித்தது. கணக்கிலிருந்து நீக்குவது தள்ளுபடி ஆகாது, வசூல் நடவடிக்கை தொடரும் என்ற அரசின் விளக்கம் விதிப்படி சரியானது. ஆனால் பெருநிறுவனத்துக்குக் கடன் தீர்வு நடைமுறையும் பேச்சுவார்த்தையும் உண்டு. மாணவரின் தந்தைக்கு நோட்டீஸ் மட்டுமே உண்டு. இந்த வேறுபாட்டை எந்த விளக்கமும் மறைத்துவிடாது.

மறுபக்க வாதமும் புறக்கணிக்கக்கூடியது அல்ல. 2008-இல் அறிவிக்கப்பட்ட விவசாயக் கடன் தள்ளுபடியில் தகுதியற்றோர் பலர் பயனடைந்ததையும் தகுதியுள்ளோர் பலர் விடுபட்டதையும் தலைமைக் கணக்குத் தணிக்கையர் 2013-இல் சுட்டிக்காட்டினார். கல்விக் கடனிலும் நகையை விற்றுத் தவணை கட்டி முடித்த குடும்பத்துக்குத் தள்ளுபடியால் பயன் இல்லை. வங்கி கடன் மறுத்ததால் கந்துவட்டிக்கு வாங்கிப் படித்தவருக்கும் பயன் இல்லை. வெளிநாட்டுப் படிப்புக்குப் பெரும் கடன் வாங்கிய வசதியான குடும்பத்துக்கே அதிகப் பயன் போய்ச் சேரலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தள்ளுபடி செய்த மறுநாள் காலை அதே கல்லூரி அதே கட்டணத்துக்கு அடுத்த மாணவரைச் சேர்த்துக்கொள்ளும்.

மாநிலங்களின் முயற்சிகள்

மத்திய அரசும் கட்சிகளும் இப்படி எதிரெதிராக நிற்கும்போது, சில மாநிலங்கள் இடைவழிகளை முயன்று பார்த்துள்ளன. கேரளம் 2017-இல் 900 கோடி ரூபாய் மதிப்பில் கடன் திருப்பிச் செலுத்த உதவும் திட்டத்தை அறிவித்தது. முதல் ஆண்டுத் தவணையில் பெரும்பகுதியை அரசு ஏற்று, ஆண்டுதோறும் தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வரும் ஏற்பாடு அது. வேலையில் காலூன்றும் வரை கைபிடித்து நடத்துவது என்பது இதன் தத்துவம்.

பிகார் 2016-இல் மாணவர் கடன் அட்டைத் திட்டத்தைத் தொடங்கியது. நான்கு லட்சம் ரூபாய் வரை 4 சதவீதத் தனி வட்டியில் கடன். பெண்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 1 சதவீதம். வங்கிகள் தயங்கியதால் மாநில அரசே கல்வி நிதிக் கழகம் அமைத்துக் கடன் வழங்கத் தொடங்கியது. 2025-இல் இது அனைவருக்கும் வட்டியில்லாக் கடன் என்று அறிவிக்கப்பட்டது. மேற்கு வங்கம் 2021-இல் 10 லட்சம் ரூபாய் வரை குறைந்த வட்டியில் இதே போன்ற அட்டையை வழங்கியது. தமிழகம் கடனைவிடக் கட்டணச் சலுகையையும் உதவித்தொகையையும் நம்பியது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டண விலக்கும், அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் வழங்கப்படும் மாதம் 1,000 ரூபாயும் இவ்வகையின.

வெளிநாட்டு அனுபவத்திலும் இரு பாடங்கள் உண்டு. அமெரிக்காவில் மாணவர் கடன் 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டியபின் ஜனாதிபதி பைடன் அறிவித்த பெரும் தள்ளுபடியை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் ரத்து செய்தது. கட்டணத்தைக் கட்டுப்படுத்தாமல் கடனைப் பெருக்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு அது உதாரணம். ஆஸ்திரேலியா 1989 முதல் வேறு வழியில் செல்கிறது. அங்கே ஆண்டு வருமானம் குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிறகே மாணவர் தவணை கட்ட வேண்டும். வருமான வரித் துறையே அதை வசூலிக்கிறது. வேலை இழந்தால் தவணை தானாகவே நின்றுவிடும். வசூலுக்கு ஆள் அனுப்ப வேண்டிய தேவையே எழுவதில்லை. அங்கும் கடன் சுமை கூடியதால் 2025-இல் நிலுவையில் 20 சதவீதம் குறைக்கப்பட்டு, வருமான வரம்பும் உயர்த்தப்பட்டது.

இந்தியாவில் பெரும்பாலோர் அமைப்புசாரா வேலையில் இருப்பதால் அந்த முறையை அப்படியே கொண்டுவர இயலாது என்பது உண்மைதான். ஆனால் வேலை கிடைத்த பட்டதாரியின் வருங்கால வைப்பு நிதிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் அரசின் கையில் இருக்கின்றன. மாத ஊதியம் இன்ன அளவைத் தாண்டும் வரை தவணையும் வட்டியும் இல்லை என்ற ஒரு விதியை, குறைந்த வருமானக் குடும்பங்களின் கடனுக்காவது கொண்டுவருவது முடியாத காரியம் அல்ல. இப்போதைய விதி வேலை கிடைக்காவிட்டாலும் ஓராண்டில் தவணையைத் தொடங்கச் சொல்கிறது.

கேட்க வேண்டிய கேள்வி

நாடாளுமன்றம் இந்த விவகாரத்தில் செய்யக்கூடியது தள்ளுபடி உண்டா, இல்லையா என்று மீண்டும் மீண்டும் கேட்பதோடு முடிந்துவிடவில்லை. எந்தக் கல்லூரியின் மாணவர்களிடம் வாராக் கடன் அதிகம் என்ற விவரம் வங்கிகளிடம் இருக்கிறது. அவையில் வைக்கப்படும் பதில்களோ மாநிலவாரியாகவும் வங்கிவாரியாகவும் படிப்புவாரியாகவும் நின்றுவிடுகின்றன. கல்லூரிவாரியாக அந்தப் பட்டியல் வெளியிடப்பட்டால், ஜூன் மாதத்தில் கல்லூரி தேடும் பெற்றோருக்கு அதைவிடப் பயனுள்ள தரவரிசை வேறு இருக்க முடியாது. தன் மாணவர்களில் பெரும்பகுதியினர் கடனை அடைக்க இயலாமல் தவிக்கும்போது, கட்டணத்தை முழுதாகப் பெற்றுக்கொண்ட கல்லூரியும் அந்த இழப்பில் ஒரு பங்கை ஏற்க வேண்டும் என்ற விதியைக் கொண்டுவந்தால், மாணவரைச் சேர்ப்பதில் காட்டும் அக்கறையைக் கல்லூரிகள் கற்பிப்பதிலும் காட்டக்கூடும்.

2015-இல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு பொறியியல் படிப்புக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 1.58 லட்சம் ரூபாய் என்று உச்சவரம்பைப் பரிந்துரைத்தது. வரம்பு பரிந்துரைப்பது எளிது. அதை மீறும் கல்லூரி மீது நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விக்கு மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்து பதில் சொன்னதில்லை. 1966-இல் கோத்தாரி கல்விக் குழு, தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்றது. அந்த இலக்கை நாடு இன்றுவரை எட்டவில்லை. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையும் அதே எண்ணை மீண்டும் எழுதி வைத்தது. அரசு செலவிடாத அந்தத் தொகையின் ஒரு பங்குதான் இன்று கல்விக் கடன் என்ற பெயரில் மாணவர்களின் கணக்கில் நிற்கிறது.

வீட்டில் முதலாவதாகக் கல்லூரிக்குச் சென்ற பிள்ளையின் கையில் பட்டமும், தந்தையின் கையில் வங்கி நோட்டீஸும் ஒரே ஆண்டில் வந்து சேர்வதைத் தடுக்க வேண்டியது வங்கி மேலாளரின் வேலை அல்ல. அது கட்டணத்தையும் கடனையும் வேலைவாய்ப்பையும் மூன்று மேசைகளில் பிரித்து வைத்திருக்கும் அரசுகளின் வேலை. அந்த மூன்றையும் ஒரே நாளில் ஒரே விவாதத்தில் எடுத்துக்கொள்ள இரு அவைகளும் நேரம் ஒதுக்கினால், அடுத்த கூட்டத்தொடரிலாவது பழைய கேள்விக்குப் புதிய பதில் கிடைக்கலாம்.